உப்புத் தண்ணீர் போட்ட கோடு

பொக்லைன் வைத்து ஆற்றில் மண் எடுத்தேன். மூன்று மாதம் கழித்து அதே பொக்லைனையும் அதே ஓட்டுநரையும் அழைத்து, கொட்டிய மண்ணை அள்ளி அப்புறப்படுத்தச் சொன்னேன். போட்டதற்கும் வாடகை, போட்டதை எடுப்பதற்கும் வாடகை. இரண்டாவது முறை வந்தபோது அந்த ஓட்டுநர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அந்தப் பண்புக்காகவே அவருக்கு ஒரு வடை அதிகம் வாங்கிக் கொடுத்தேன்.

இது 2021இல் நடந்தது. சீர்காழிக்குக் கிழக்கே, திருமுல்லைவாசலில் கடலில் விழுகிற உப்பனாற்றின் கரையில் எனக்கு 22 சென்ட் மனை இருக்கிறது. பாட்டன் சொத்து. பங்கு பிரித்தபோது யாரும் விரும்பாத துண்டு என் பெயருக்கு வந்தது. அகலம் 12 மீட்டர், நீளம் 74 மீட்டர். மேற்கே சாலை, கிழக்கே ஆறு. ஊரில் இதை 'நாக்கு மனை' என்பார்கள். பதினெட்டு வருடம் வளைகுடாவில் ஏ.சி. பழுது பார்த்துவிட்டுத் திரும்பிய எனக்கு, அந்த நாக்கின் நுனியில், தண்ணீரைப் பார்த்தபடி வீடு கட்ட வேண்டும் என்று ஆசை. பாலைவனத்தில் இருந்தவனின் ஆசை வேறு எப்படி இருக்கும்?

திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. கரையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி வீடு. கொல்லையில் ஒரு படித்துறை. கரை சரியாமல் இருக்கக் கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர். ஆற்றுச் சேற்றை அள்ளி மனையை மூன்றடி உயர்த்திக்கொள்வது. அள்ளிய பள்ளத்தில் சித்தப்பா மகனின் ஃபைபர் படகு வந்து நிற்கும். ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று எண்ணி மகிழ்ந்தேன். அனுமதி பற்றிக் கேட்டபோது என் மைத்துனர், "கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மாப்பிள்ளை. கடலோரச் சட்டம் கடலோரத்துக்குத்தான். பஞ்சாயத்தில் கட்டட வரைபடத்துக்குக் கையெழுத்து வாங்கினால் போதும்" என்றார். மேஸ்திரியும் அதையே சொன்னார். டீக்கடையில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். மூன்று பேர் ஒரே பொய்யைச் சொன்னால் அது விதியாகிவிடுகிறது. அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

மாசியில் சுவரும் மண் நிரப்புதலும் முடிந்தன. பங்குனியில் 'வேலையை நிறுத்து' என்ற தாள் வந்தது.

அளக்க வந்த சர்வேயர், சங்கிலியைப் பிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். "சித்திரையில் இந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?"

சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ஆடியில் இதே ஆற்றில் குளித்தால் தண்ணீர் தித்திக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, ஏதேதோ வாய்க்காலில் புகுந்து, வயல்களில் வடிந்து, கடைசியில் எங்கள் கொல்லைக்கு வந்து சேரும். வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் அணையைச் சாத்துவார்கள். சாத்திய பிறகு மேலிருந்து வருவது நிற்கும். கீழிருந்து ஏறத் தொடங்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் கரிக்கும். சித்திரையில் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

அந்தக் கரிப்புதான் சட்டத்தின் அளவுகோல் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1991 பிப்ரவரி 19 அன்று முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. 2011இல் அதை மாற்றி எழுதினார்கள்; 2019 ஜனவரியில் மறுபடியும் மாற்றினார்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். எல்லோருக்கும் தெரிந்தது, கடல் முகப்பில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்பது. டீக்கடைக்குத் தெரியாதது, ஓதம் ஏறி இறங்குகிற ஆறு, கழி, காயல் ஆகியவற்றின் கரைகளும் அதே மண்டலத்தைச் சேர்ந்தவை என்பது. ஓதம் எதுவரை ஏறுகிறது என்பதற்கு உப்புதான் சாட்சி: ஆயிரம் கிராம் தண்ணீரில் ஐந்து கிராம் உப்பு இருக்கும் இடம் வரை. கடல் நீரில் சுமார் 35 கிராம் இருக்கும். அதில் ஏழில் ஒரு பங்கு கரிப்பு இருந்தாலே அது கடலின் கைக்குள் வந்த ஆறு. அதையும் ஆடிப்பெருக்கில் அளக்க மாட்டார்கள். ஆண்டிலேயே மிக வறண்ட காலத்தில் அளப்பார்கள். பாசனத்தின் கடைசி முனையில் இருக்கும் கடைமடைக்காரனுக்கு இது என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றில் நன்னீர் வராத மாதத்தை வைத்தே கோடு தீர்மானமாகிறது. கடலோரம் என்றால் மணலும் நண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆற்றின் வழியாக நடந்து என் கொல்லைப்புறத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்து, எவ்வளவு தூரம் என்ற கணக்கு. 2011 விதிப்படி, இப்படிப்பட்ட ஆற்றங்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 100 மீட்டர் அல்லது அந்த இடத்தில் ஆற்றின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. கிராமப்புறத்தில் அந்தப் பட்டை முழுவதும் புதிய கட்டுமானத்துக்கு இடமில்லாத பகுதி. 2019 விதியில் 100 என்பது 50 ஆகக் குறைந்தது. 'குறைந்துவிட்டதே' என்று துள்ளினேன். ஆனால் புதிய விதிக்கேற்ற கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதலாகும்வரை பழைய வரைபடமும் பழைய விதியும்தான் ஓடும் என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. எங்களுக்கு அப்போது 2011தான். யாராவது '2019இல் தளர்த்திவிட்டார்கள்' என்று சொன்னால், உங்கள் மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். ஆண்டைத் தெரிந்து வைத்திருப்பவர் பலர். வரைபடத்தைப் பார்த்தவர் சிலர்.

என் மனைக்கு எதிரே ஆற்றின் அகலம் 60 மீட்டர். ஆகவே 60 மீட்டர் பட்டை. மனையின் நீளம் 74. நாக்கின் அடிப்பாகத்தில் 14 மீட்டர் தேறும் என்று கணக்குப் போட்டு ஆறுதல் அடைந்தேன். அந்த ஆறுதலும் சாயங்காலம் வரைதான்.

சர்வேயரின் சங்கிலி இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, நான் கட்டிய சுவர் என் மனையிலேயே இல்லை. ஒன்பது அடி வெளியே, ஆற்றுப் புறம்போக்கில் நின்றது. பழைய எல்லைக்கல் எப்போதோ சேற்றில் போயிருக்கிறது. நான் தண்ணீர் விளிம்பைப் பார்த்து எல்லையை ஊகித்திருக்கிறேன். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழியை நான் ஆற்றில் கல்லைப் போட்ட பிறகுதான் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது, உயர் ஓதக் கோடு என்பது என் பட்டா எல்லையும் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் தண்ணீர் தரையில் அதிகபட்சம் எதுவரை எட்டுகிறதோ அந்தக் கோடு. என் மனையில் அது பட்டா எல்லைக்கு மூன்று மீட்டர் உள்ளே இருந்தது. உப்பு நிலத்தில் முளைக்கிற உமரிச் செடி படர்ந்திருந்த இடம் வரை என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் விரலை நீட்டிக் காட்டினார். வரைபடத்தில் இருந்ததும் கிட்டத்தட்ட அதுவேதான். மூன்றும் அறுபதும் அறுபத்து மூன்று. மீதி 11 மீட்டர்.

"அதுதான் சுவர் கட்டிவிட்டேனே, இனிமேல் ஓதம் உள்ளே வராதே" என்று வாதாடிப் பார்த்தேன். சர்வேயர் கோபப்படவில்லை. தன் சொந்த அனுபவம்போல மெதுவாகச் சொன்னார்: நேற்றுக் கட்டிய சுவரைக் காட்டிக் கோட்டைத் தள்ளிப் போட முடியாது. பழைய வரப்பு, மதகு ஆகியவற்றின் கதை வேறு. 2019 அறிவிக்கையின்படி, 1991 பிப்ரவரி 19க்கு முன்பே கட்டப்பட்ட வரப்போ மதகோ இருந்தால், உயர் ஓதக் கோடு அதோடு நின்றுவிடும். டெல்டாவில் இது சிறிய விஷயமில்லை. கடைமடையில் உப்பைத் தடுக்க எத்தனையோ மதகுகளும், நாங்கள் 'சட்ரஸ்' என்று சொல்கிற கதவணைகளும் பழைய காலத்திலிருந்தே இருக்கின்றன. உங்கள் நிலத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே அப்படி ஒன்று இருந்தால், அது எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதற்கு ஒரு தாளைத் தேடி வையுங்கள். மதகின் நெற்றியில் ஆண்டு பொறித்திருந்தால் அதைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். சிமென்ட் பூசி மறைப்பதற்கு முன் எடுங்கள்.

ஆக ஒரே மனையில் மூன்று கோடுகள் ஓடுகின்றன. புறம்போக்கு முடிந்து பட்டா தொடங்கும் கோடு, ஓதம் எட்டும் கோடு, அதிலிருந்து அளந்து வரும் கட்டுமானக் கோடு. முதலாவதற்கு வருவாய்த் துறையின் புல வரைபடமும் 'அ' பதிவேடும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம். கிராமத்துச் சர்வே எண்ணோடு பெரிய அளவில் வரைந்த தாளைக் கேட்க வேண்டும்; மாவட்டம் முழுவதையும் காட்டுகிற தாளில் நம் மனை எறும்புக் கண் அளவுகூட இராது. ஒரு கோட்டுக்கு வாங்கிய கையெழுத்து இன்னொரு கோட்டுக்குச் செல்லாது. பட்டா இருப்பதாலேயே கட்டலாம் என்று யாராவது சொன்னால் அவர் முதல் கோட்டோடு நின்றுவிட்டவர்.

புகார் கொடுத்தது யார் என்று ஊரெல்லாம் எனக்குக் காது கடித்தார்கள். வடக்கு வீட்டு அக்காவின் மகன்தான். முதலில் கோபம் வந்தது. அவர்கள் வீட்டு ஆட்டுப்பட்டிக்கு மூங்கில் கொடுத்தவன் நான். ஆனால் போய்ப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். ஆறு எங்கள் இடத்தில் வடக்கே திரும்பி ஓடுகிறது. என் சுவர் ஆற்றுக்குள் ஒன்பது அடி நீட்டிக்கொண்டிருந்ததால், வேகமாக வந்த தண்ணீர் அதில் மோதி, சுவர் முடிகிற மூலையில் சுழித்து, அக்காவின் கரையைக் குடைந்திருந்தது. இரண்டு மாதத்தில் முருங்கை மரமும் ஆட்டுப்பட்டியின் ஒரு காலும் ஆற்றில் இறங்கியிருந்தன. "நீ கல் கட்டினாய், தம்பி. ஆறு என் வீட்டுப் பக்கம் வழி கேட்டது" என்றார் அக்கா. சண்டையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இதே கதை கடல் முகப்பில் பெரிய அளவில் நடக்கிறது. எங்கள் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தூண்டில் வளைவு என்று கல்லைக் கொட்டி ஒரு கையை நீட்டினால், அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் அரிக்கும். வடக்குக் குப்பத்துக்காரர்கள் தங்களுக்கும் ஒரு வளைவு கேட்பார்கள். அதற்கும் வடக்கே இருப்பவர்கள் அடுத்தது கேட்பார்கள். நான் என் 12 மீட்டர் அகலத்தில் செய்தது அதன் பொம்மை வடிவம். கடல்கொண்ட பூம்புகார் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது; பாடம் படிக்க இடம் இல்லாமல் இல்லை.

சுவர் கட்டுவதற்காக ஓரத்தில் இருந்த கண்டல் புதரையும் சில தில்லை மரங்களையும் வெட்டியிருந்தேன். வெட்டும்போதே வேலையாள் ஒருவர், தில்லையின் பால் கண்ணில் தெறித்தால் பார்வை போகும் என்று துண்டைக் கட்டிக்கொண்டார். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரத்தை அப்படித்தான் வீழ்த்தினேன். நான் வெட்டியது சிறு துண்டு. இப்படிப்பட்ட மரங்கள் சேர்ந்த அலையாத்திக் காடு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதற்கு வெளியேயும் 50 மீட்டர் காப்புப் பட்டை உண்டு என்பதைப் பிறகு படித்தேன். அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் புதர்தான் என்பதைப் படிக்காமலே தெரிந்துகொண்டேன்.

அள்ளிப் போட்ட மண்ணுக்கு வருகிறேன். ஆற்றுப் படுகை அரசுடையது. அதில் ஒரு கூடை எடுக்கவும் அனுமதி வேண்டும். 'வண்டல் மண் இலவசமாக எடுக்கலாமே, அரசாங்கமே சொல்லியிருக்கிறதே' என்று பலர் கேட்கிறார்கள். அது ஏரி, குளம், கண்மாய் போன்ற நீர்நிலைகளுக்கானது. மாவட்ட அரசிதழில் பெயர் இருக்க வேண்டும். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் மட்டும். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 என்று அளவும் உண்டு. வீட்டு மனையை மேடாக்க ஓதம் ஏறும் ஆற்றில் பொக்லைன் இறக்குவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

சட்டத்தை விடுங்கள், அந்த மண் எதற்கும் உதவவில்லை. கறுப்பாக, கொழகொழவென்று, அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தது. காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. ஓரத்தில் நட்டிருந்த ஆறு தென்னங்கன்றுகளின் நுனி கருகி, மூன்று செத்தன. அதன் மேல் அஸ்திவாரம் போட்டிருந்தால் கம்பியை உப்பு தின்றிருக்கும், தரை அமுங்கியிருக்கும். பிறகு வீடு கட்டியபோது கிராவல் வெளியிலிருந்து வாங்கினேன். களிமண் தரை என்பதால் அடியில் குமிழ்போல விரிந்த கான்கிரீட் தூண்களை, அதாவது பைல், இறக்கினோம். செலவுதான். ஆனால் மழைக்கு மழை சுவரில் விரிசலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆழப்படுத்துதல் பற்றி எனக்கு உண்மையில் புரிந்தது என் மனையில் இல்லை. ஆற்றின் முகத்துவாரத்தைத் தூர்வாருவது பற்றி ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில். கோடையில் ஆற்றில் வேகம் இல்லாததால் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். படகுகள் தரை தட்டும். விடியற்காலையில் வலையோடு போனவர்கள் திரும்பி வரும்போது ஓதம் ஏறும்வரை வெளியே காத்துக் கிடப்பார்கள். காற்று மாறினால் அந்த இடத்தில்தான் படகு கவிழும். ஆகவே மீனவர்கள் வாயை ஆழப்படுத்தி, இரண்டு பக்கமும் கல் கொட்டச் சொன்னார்கள். முற்றிலும் நியாயம். என் சித்தப்பா எழுந்தார். அவருக்கு ஆற்றை ஒட்டி மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர் தொட்டும் தொடாமலும். "கோடையில் நீங்கள் வாயைத் திறந்தால், கடல் என் வயலுக்குள் வந்து படுக்கும். அந்த மணல்தான் எனக்கு வரப்பு" என்றார். அதுவும் நியாயம். அப்படியே மூடிக் கிடக்கட்டுமா என்றால், ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் அதே சித்தப்பா, வாய் அடைத்துக் கிடப்பதால் சம்பா மூழ்குகிறது என்று முதல் ஆளாக மண்வெட்டியோடு ஓடுவார். உப்பனாறு எங்களுக்குப் பாசன ஆறு மட்டுமில்லை, வடிகாலும் அதுதான்.

கூட்டம் முழுவதும் 'தூர்வாருதல்' என்ற ஒரே சொல்லைத்தான் எல்லோரும் பயன்படுத்தினோம். ஆனால் அதற்குள் மூன்று வேலைகள் ஒளிந்திருந்தன. மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்காலில் வண்டலை அகற்றுவது ஒன்று. அது நன்னீரை இறக்கிக்கொடுக்கும் வேலை. முகத்துவாரத்தில் சேர்ந்த மணல் திட்டை வெட்டி, இருந்த ஆழத்துக்குக் கொண்டுவருவது இன்னொன்று. கடலோர விதிகள் கடல் நீரின் இயல்பான போக்கைத் தடுப்பதையும் நிலம் தூர்ப்பதையும் தடை செய்கின்றன. ஆனால் நீர்வழியைப் பராமரிப்பது, மணல் திட்டு சேராமல் பார்ப்பது, அரிப்பைத் தடுப்பது, உப்பு ஏறாமல் தடுக்கும் மதகு போன்றவற்றுக்கு விலக்கும் கொடுத்திருக்கின்றன. மூன்றாவது, முன்பு இல்லாத ஆழத்தைப் புதிதாகத் தோண்டுவது. இதுதான் ஆபத்தானது. ஓதம் ஏறும் இடத்தில் படுகையைத் தாழ்த்தினால் தண்ணீர் இறங்குவது மட்டும் எளிதாகாது. உப்பு ஏறுவதும் எளிதாகும். துறைமுகங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி விதிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. ஏற்கெனவே அனுமதி பெற்ற திட்டத்தில் சேர்ந்திருந்தால் பராமரிப்புத் தூர்வாருதலுக்குத் திரும்ப அனுமதி தேவையில்லை. புதிதாக ஆழப்படுத்துவதற்குத் தேவை.

அதனால் உங்கள் ஊரில் தூர்வாரும் பேச்சு வந்தால், எத்தனை லட்சம் என்று கேட்பதற்கு முன், படுகை மட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். எந்த மாதத்தில் வெட்டப்போகிறார்கள், அள்ளுகிற மண்ணை எங்கே கொட்டுவார்கள் என்றும் கேளுங்கள். கரையிலேயே கொட்டினால் அடுத்த மழையில் பாதி ஆற்றுக்கே திரும்பிவிடும்; மீதி பக்கத்து வயலின் வடிகாலை அடைத்துக்கொள்ளும். எங்கள் கூட்டத்தில் கடைசியில் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்றே ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு வாயை வெட்டுவது நல்லது என்பது. படகுக்காரர்களுக்கு அது பாதி நியாயம்தான். கோடைக்கு அவர்களிடம் எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை.

மீனவர் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 விதியில், கடல் முகப்பில் கிராமப்புறத்தில் முதல் 200 மீட்டர் கட்டக் கூடாத பகுதியாக இருந்தாலும், 100க்கும் 200க்கும் நடுவே மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளுக்கு, மாநில அரசின் முழுமையான திட்டத்தின்படி இடம் உண்டு. பழைய வீட்டை அதே அளவில் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் ஊர் வரைபடத்தில் இருந்தால்தானே? கருவாடு காயும் களமும், வலை பின்னும் இடமும், படகு ஏற்றும் மணலும் யார் பட்டாவிலும் இல்லை. வரைவு வரைபடத்தைக் கருத்துக் கேட்புக்கு வைக்கும் நாட்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் போய்த் தங்கள் குப்பத்தின் தாளைத் தேடிப் பார்த்து, விடுபட்டதை எழுத்தில் கொடுக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானமாகவும் கொடுக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு எது ஊர், எது வெறும் மணல் என்ற கேள்விக்கு இந்தக் கரையில் எத்தனை கண்ணீர் என்பதை நாகப்பட்டினம் பக்கம் யாரையும் கேளுங்கள்.

தண்டனை என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் மாட்டிய காலத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ என்று இருந்தது. 2023இல் திருத்திய பிறகு சிறைக்குப் பதிலாகப் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் வரை அபராதம். நானே முன்வந்து சுவரை இடித்து, மண்ணைத் துறையினர் காட்டிய இடத்தில் கொட்டி, படம் எடுத்து மனுவோடு கொடுத்ததால் என் விஷயம் எச்சரிக்கையோடு முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். இடிக்கச் சொல்லும்வரை காத்திருந்தால், இடிக்கிற செலவோடு வழக்குச் செலவும் சேரும்.

இடித்த பிறகு கரை பச்சைப் புண்ணாகக் கிடந்தது. அக்காவின் பக்கத்துக்கும் சேர்த்துச் சவுக்குக் கட்டை ஊன்றி மணல் மூட்டை அடுக்கினோம். இந்த முறை அனுமதி கேட்டு, நீர்வளத் துறையினர் வந்து பார்த்த பிறகு. மூட்டைக்குப் பின்னால் நாணலும் தாழையும் நட்டோம். மேலே பனங்கொட்டை ஊன்றினேன். பனை என் பேரனுக்குத்தான் உதவும், போகட்டும்.

கட்டுமானமில்லாத அந்தப் பட்டையில் விவசாயமும் தோட்டமும் செய்யலாம். அங்கே தென்னையும் கத்தரியும் வைத்திருக்கிறேன். ஒருவர் வந்து இறால் குட்டைக்குக் குத்தகை கேட்டார். நல்ல தொகைதான். எங்கள் பக்கத்து மக்களின் போராட்டத்தால் 1996இல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்பும், அந்த வழக்கைத் தொடுத்த காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதனும் நினைவுக்கு வந்தார்கள். 2005 சட்டத்துக்குப் பிறகு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்யாமல் குட்டை வெட்ட முடியாது. பதிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

வீடு? சாலையோரம், அந்த 11 மீட்டரில். மைத்துனர், "புதிய வரைபடம் வந்தால் இன்னும் பத்து மீட்டர் கிடைக்கும், பொறுத்திரு" என்றார். பொறுக்கவில்லை. பக்கவாட்டில் இடம் விட்டு, எட்டுக்கு ஒன்பது மீட்டரில் கீழும் மேலுமாகக் கட்டினேன். ஆறு கொல்லைப்புறத்தில் இல்லை என்று மனைவிக்கு முதலில் வருத்தம். மாடி ஜன்னலைத் திறந்தால் தென்னைகளுக்கு மேலே தெரிகிறது.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று இரவு ஊரே விழித்திருந்தது. விடிவதற்கு முன்பே டார்ச்சைப் போட்டுக்கொண்டு கொல்லைக்கு இறங்கினேன். நான் முதலில் நூல் கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, வாஸ்து பார்த்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். வீட்டுப் படிக்கு இரண்டு படி கீழே அது நின்றிருந்தது. அக்கா தன் ஆடுகளை எங்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து கட்டியிருந்தார். கேட்டுவிட்டுக் கட்டவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். ஒவ்வொரு ஐப்பசி அமாவாசைக்கும் பெரிய ஓதம் ஏறி நிற்கும்போது தண்ணீர் எட்டிய இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நடுகிறேன். சட்டத்துக்காக இல்லை, எனக்காக. போன ஐப்பசியில் தண்ணீர் பழைய குச்சியைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. குச்சியைப் பிடுங்கிப் புதிய இடத்தில் நட்டேன். சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்து, துப்பிவிட்டு, "ஐப்பசியிலேயே இவ்வளவா?" என்றார்.